பிறை ஏன் படுத்திருக்கிறது? அறிவியல் பாடத்துக்கான மின்னியல் துணைப்பொருள்கள்: ஒரு மதிப்பீடு

அறிவியல் மென்பொருள் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிய வேண்டுமானால் அதில் நிலவுப் பாடத்தைத் திறந்து பாருங்கள். வளர்பிறை வலப்பக்கம் ஒளிர, நெட்டுக்குத்தாக நிற்கிறதா? அப்படியானால் அதை வரைந்தவர் மலேசியாவின் பினாங்கில் ஒரு மாலைகூட மேற்கே ஏறிட்டுப் பார்த்ததில்லை. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5.4 பாகையில் இருக்கிறது. இங்கே மாலைப் பிறை படகுபோல் மல்லாந்து கிடக்கும். ஒளிரும் விளிம்பு கீழே, கொம்பு இரண்டும் மேலே. மாதத்துக்கு மாதம் சற்று இடமோ வலமோ சாயுமே தவிர, நிமிர்ந்து நிற்காது. பூசையறைப் படத்தில் சிவன் தலையில் இருக்கும் பிறையைப் போல என்றால் பிள்ளைக்கு உடனே புரியும்.

இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட வகுப்பறை இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் பழக்கமானதுதான். முப்பது மாணவர்கள், ஒரு புரொஜெக்டர், ஐந்தாறு குரோம்புக் மடிக்கணினி, காலை பத்து மணிக்கு மேல் தள்ளாடும் வைஃபை, 30 அல்லது 60 நிமிடப் பாடவேளை. சோதித்தவை நான்கு வகை: ஸ்டெல்லேரியம், பெட் (PhET) உருவகங்கள் (திரையிலேயே செய்துபார்க்கும் சோதனைகள்), பென்டிரைவில் விற்கப்படும் தமிழ்த் தொகுப்புகள், புதிர்ப்போட்டிச் செயலிகள். முதல் இரண்டும் இலவசம்.

ஸ்டெல்லேரியம் கணினியில் இயங்கும் கோளரங்கம். தொடக்கப்பள்ளி ஐந்தாம் ஆண்டில் நிலவின் கலைகளும் விண்மீன் குழுக்களும், ஆறாம் ஆண்டில் கிரகணங்களும் பாடமாக வருகின்றன. இரண்டுக்கும் இதைவிட நல்ல துணைப்பொருள் கிடையாது. ஆனால் நிறுவியவுடன் அப்படியே வகுப்பில் திறந்தால் குட்டி வெள்ளைப் புள்ளியாக ஒரு நிலவைக் காட்டும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். முதல்நாளே செய்துவைக்க வேண்டியவை சில உண்டு.

எஃப்6 விசையை அழுத்தி இடத்தை மாற்றுங்கள்: வடக்கு 5.4, கிழக்கு 100.3. எஃப்4 சாளரத்தில் சூரிய மண்டலப் பகுதிக்குப் போய் நிலவைப் பெரிதாக்கும் பெட்டியைத் தட்டுங்கள். நான்கு மடங்கு என்று வந்து நிற்கும், அது போதும். எஃப்5இல் 2026 பிப்ரவரி 18, மாலை 7:45 என்று வையுங்கள். பினாங்கில் ஆண்டு முழுவதும் அந்த நேரத்துக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் எந்த மாதத்துக்கும் 7:45 பொருந்தும். பார்வையை மேற்கே திருப்புங்கள். முந்தைய நாள்தான் அமாவாசை. அடிவானத்துக்கு மேலே நூலிழை போல ஒரு பிறை கிடக்கும். இனிச் சமக்குறி விசையை ஒருமுறை தட்டினால் ஒருநாள் நகரும், கழித்தல் குறி ஒருநாள் பின்னே கொண்டுவரும். தட்டத் தட்ட நிலவு நாளுக்கு ஏறக்குறைய 12 பாகை மேலேறும், பருக்கும். 24ஆம் தேதி அரைநிலவாகி உச்சியை நெருங்கும்போது திரையை மேலே நகர்த்த வேண்டியிருக்கும். அதன்பின் நிலவு கிழக்குப் பக்கம் போய்விடும். இங்கேதான் ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். மேற்கைப் பார்த்தபடியே தட்டிக்கொண்டிருந்தால் "நிலா காணாமப் போச்சு டீச்சர்" என்று குரல் வரும். கிழக்கே திரும்புங்கள். மார்ச் 3ஆம் தேதி முழுநிலவு அங்கேதான் எழும்.

அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2026 மார்ச் 3 மாலை முழுச் சந்திர கிரகணம். மலேசிய நேரப்படி 7:04க்குத் தொடங்கிய முழு மறைப்பு 8:03 வரை நீடித்தது. பினாங்கில் நிலவு எழுந்தபோதே மறைந்துபோய்ச் செம்புநிறத்தில்தான் எழுந்தது. 7:45க்குத் திரையில் கிழக்கு அடிவானத்தை ஒட்டி அந்த நிறம் தெரியும். ஐந்தாம் ஆண்டுக்குக் கலைகள் காட்டிய அதே ஓட்டத்தில் ஆறாம் ஆண்டுக்கு கிரகணத்தையும் முடித்துவிடலாம்.

ஒரு பொறி இருக்கிறது. நிலவைப் பெரிதாக்கியதை அணைக்காமல் சூரிய கிரகணத்தைக் காட்டக் கூடாது. வானத்தில் சூரியனும் நிலவும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரிவதால்தான் நிலவு சூரியனைச் சரியாக மூட முடிகிறது. நான்கு மடங்கு பெருத்த நிலவோ சூரியனைத் தொடும் முன்பே விழுங்கிவிடும். பகுதிக் கிரகணம்கூட முழுக் கிரகணமாகத் தெரியும். பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் மையக் கருத்தே தவறிப்போகும்.

இனிப் பாடநூல் படத்தோடு வரும் முரண். அரைநிலவை வலப்பாதி வெளுப்பாக வரைவது தேர்வுத்தாளின் வழக்கம், அதை மாற்ற முடியாது. ஆனால் ஸ்டெல்லேரியத்தில் 2026 பிப்ரவரி 24ஐப் பிற்பகல் 2 மணிக்கு வைத்துக் கிழக்கே பாருங்கள். வானொளி மறைத்தால் ஏ விசையை ஒருமுறை தட்டி வளிமண்டலத்தை அணையுங்கள். அரைநிலவின் வெளிச்சப் பாதி மேலே இருக்கும். அதே நாளை இரவு 11:30க்கு நகர்த்தி மேற்கே பாருங்கள், வெளிச்சப் பாதி கீழே போயிருக்கும். நிலவு புரளவில்லை. வெளிச்சம் எப்போதும் சூரியன் இருக்கும் மேற்குத் திசையை நோக்கியே இருக்கிறது. நிலவு கிழக்கே இருக்கையில் அந்தத் திசை நமக்கு மேலே, மேற்கே இறங்குகையில் கீழே. இடது, வலது என்று மனப்பாடம் செய்த பிள்ளை இந்த ஊர் வானத்தில் வளர்பிறையையும் தேய்பிறையையும் பிரித்தறிய முடியாது. "பிறை மாலையில் மேற்கே தெரிந்தால் வளர்பிறை, விடியலில் கிழக்கே தெரிந்தால் தேய்பிறை" என்று சொல்லிக்கொடுத்தால் பிரித்துவிடும். தேர்வுக்கு வலப்பக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள், வானத்துக்கு நேரத்தையும் திசையையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் வேண்டும்.

தைப்பூசம் நல்ல சோதனைப் புள்ளி. 2026இல் அது பிப்ரவரி 1. அன்று மாலை நிலவு கிட்டத்தட்ட முழுமை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைக்கு அந்த நிலவு நினைவிருக்கும், தேதியை வைத்தவுடன் வகுப்பு விழித்துக்கொள்ளும். தீபாவளியை வைத்தால் வானம் இருட்டு. ஏன் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விண்மீன் குழுக்களுக்கு ஒன்று மட்டும். துருவ விண்மீனைத் தேடச் சொல்லும் வெளிநாட்டுக் காணொலிகளைத் தவிருங்கள். பினாங்கில் அது அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகைதான், மரமோ அடுக்குமாடியோ மறைத்துவிடும். தென்சிலுவையோ உச்சத்தில் ஏறக்குறைய 25 பாகைவரை எழுகிறது. குளிர்நாட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத அந்தக் குழு நம் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

அடுத்தது பெட். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் நகரில், 2002இல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய திட்டம். அவர் அதற்கு முந்தைய ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். உருவகம் ஒவ்வொன்றும் உலாவியில் திறக்கும் ஒரே கோப்பு. இதுதான் நம் வைஃபைக்கு வந்த வரம். பள்ளி முடிந்தபின் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துவிட்டால் இணையமே தேவையில்லை. ஆளுக்கொரு கருவி கிடைத்து, முப்பது பேரையும் ஒரே நேரத்தில் இணையத்தில் திறக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது கணக்குதான்: கோப்பு 4 மெகாபைட் என்றாலும் மொத்தம் 120 மெகாபைட். பாடவேளையின் முதல் பத்து நிமிடம் சுழலும் வட்டத்தைப் பார்ப்பதில் கழியும்.

இதிலுள்ள நேர்மின்சுற்று உருவகம் இரண்டாம் ஆண்டின் முழுமையான மின்சுற்றுக்கும் ஐந்தாம் ஆண்டின் தொடர், இணைச் சுற்றுகளுக்கும் உதவும். மின்கலன், மின்குமிழ், கம்பி, விசை எல்லாம் ஓரத்தில் இருக்கும், இழுத்து ஒட்டினால் போதும். மின்கலன் 9 வோல்ட், குமிழ் 10 ஓம் என்று தானே வரும். ஒரு குமிழ் மட்டும் என்றால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். இரண்டைத் தொடராக இணைத்தால் 0.45. குமிழைச் சுற்றியுள்ள ஒளிக்கோடுகள் சட்டெனக் குறுகும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் மின்திறன் கால்பங்காகிவிட்டதே காரணம். இணையாக இணைத்தால் ஒவ்வொரு குமிழும் தனியாக எரிந்தபோது இருந்த அதே ஒளி, துளிகூடக் குறையாது.

சிக்கல் இந்தத் துளிகூடக் குறையாத இடத்தில்தான். மேசையில் உண்மையான பேட்டரியோடு செய்தால் இரண்டாவது குமிழை இணைத்தவுடன் முதல் குமிழ் சற்று மங்கும். கூர்ந்து பார்க்கும் பிள்ளை கேட்டுவிடும். திரையிலுள்ள மின்கலனுக்கு உள்மின்தடை (மின்கலனுக்குள்ளேயே இருக்கும் தடை) சுழியம், கடையில் வாங்கிய பேட்டரிக்கு அப்படியில்லை. மேம்பட்ட அமைப்புகளில் மின்கலனின் தடையை மாற்றும் நகர்த்தி ஒன்று உண்டு. அதை 1 ஓமுக்கு நகர்த்துங்கள். ஒரு குமிழுக்கு 8.2 வோல்ட் கிடைக்கும். இரண்டு இணையாக இருந்தால் 7.5 வோல்ட்தான். மேசையில் நடந்தது திரையிலும் நடக்கும். இந்த ஒரு நகர்த்தி இருப்பதாலேயே நான் பெட்டுக்கு முழு மதிப்பெண் தருவேன். பிழையை மறைக்காமல் பிழையோடு விளையாட விடும் மென்பொருள் அரிது.

இரண்டாம் ஆண்டுக்குக் காட்டும்போது ஓடும் எலக்ட்ரான் புள்ளிகளை அணைத்துவிடுங்கள். ஐந்தாம் ஆண்டுக்கு வேண்டுமானால் எலக்ட்ரான் அல்லது மரபுவழி மின்னோட்டம், இரண்டில் ஒன்றை மட்டும் காட்டுங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் மாற்றி மாற்றிக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். படமாக உள்ள சுற்றைக் குறியீடாக மாற்றும் பொத்தானும் உண்டு. மாற்றியவுடன் குமிழின் குறியீடு பாடநூலில் உள்ளதுபோல் இருக்கிறதா என்று ஆசிரியர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

மாணவர் கையில் கொடுத்தால் இரண்டாவது நிமிடத்திலேயே பேட்டரியின் இரு முனையையும் வெறுங்கம்பியால் இணைத்துத் தீப்பிடிக்க வைப்பார்கள். திரையில் தீ எரியும், வகுப்பே சிரிக்கும். தடை செய்ய வேண்டாம், அதுவே குறுஞ்சுற்றுப் பாடம். ஆனால் உடனே மேசைக்குப் போகக் கூடாது. கையிலுள்ள ஏஏ பேட்டரியை அப்படி இணைத்தால் தீ வராது, கம்பியும் பேட்டரியும் விரலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். அதனால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் மேசை, பிறகு திரை. ஒரு குழுவுக்கு ஏஏ பேட்டரி இரண்டு, அதற்கான பெட்டி, 2.5 வோல்ட் குமிழ் இரண்டு, முதலைவாய்க் கம்பி ஆறு. இருபது நிமிடம் கையால் செய்தபின் திரையைத் திறந்தால், கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் என்ன நடந்தது என்பதைத் திரை காட்டும். திரையில் முதலில் செய்த பிள்ளை மேசையில் குமிழ் எரியாவிட்டால் "பேட்டரி கெட்டுப்போச்சு" என்று விட்டுவிடுகிறது. தளர்ந்த குமிழையும் துருப்பிடித்த முனையையும் தேடிப் பார்ப்பதில்லை. திரையில் எந்தத் தொடுப்பும் தளர்வதில்லையே.

பெட்டைத் தமிழில் பெயர்ப்பவர்கள் தன்னார்வலர்கள். பெயர்த்தவையும் உண்டு, பெயர்க்காதவையும் உண்டு, மலாயிலும் சில உண்டு. சொற்கள் எந்த நாட்டுப் பாடநூலைப் பின்பற்றுகின்றன என்று பார்த்துவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

இந்தச் சொற்சிக்கல்தான் மூன்றாம் வகையில், அதாவது தமிழ்த் தொகுப்புகளில், தலைவலியாகிறது. எந்தத் தொகுப்பென்று பெயர் சொல்லப் போவதில்லை, பலவற்றுக்கும் பொதுவான குறைகள் இவை. ஒளிச்சேர்க்கைப் பக்கத்தில் இலைக்குள் போகும் அம்புக்குறியில் "கார்பன் டை ஆக்சைடு" என்றும் வெளியே வருவதில் "ஆக்சிஜன்" என்றும் இருந்தால் அது தமிழ்நாட்டுப் பாடத்துக்காகச் செய்து இங்கே கொண்டுவந்தது. நம் பிள்ளை பாடநூலில் படித்தது கரிவளி, உயிர்வளி. இலங்கைக் காணொலியானால் ஒட்சிசன் என்று மூன்றாவது பெயரும் சேரும். பெரியவர்களுக்கு இது சுவையான ஒப்பீடு. பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று பெயர் என்றால் மூன்று பொருள்.

இன்னும் மோசமான பிழை விதை முளைத்தல் அசைவூட்டத்தில். மண்ணுக்கு மேலே சிரித்தபடி ஒரு சூரியன், அதன் கதிர் பட்டவுடன் விதை பிளந்து முளை வருகிறது. முளைக்கத் தேவையானவை நீர், காற்று, ஏற்ற வெப்பநிலை. பச்சைப்பயறுக்கு ஒளி வேண்டியதில்லை, இலை விட்டு வளரத்தான் ஒளி. வீட்டில் ஈரத்துணியில் முடிந்து மூடிவைத்த பயறு இருட்டில்தானே முளைக்கிறது? அதைத் தின்று வளர்ந்த பிள்ளைக்குத் திரை பொய் சொல்கிறது.

இப்படிப்பட்ட தொகுப்புக்குப் பணம் கொடுப்பதைவிட அந்தக் காணொலியை நாமே எடுத்துவிடலாம். ஈரப் பஞ்சின்மேல் பத்துப் பயறு, ஒரு கண்ணாடிக் குவளை, அசையாமல் நிறுத்திய பழைய கைப்பேசி, பத்து நிமிடத்துக்கு ஒரு படம். நான்கு நாளில் 576 படம், நொடிக்கு 24 என்று ஓட்டினால் சரியாக 24 நொடிக் காணொலி. கெட்டுப்போவது இரண்டு காரணத்தால்தான்: இரவில் விளக்கை அணைத்தால் பாதிப் படம் கறுப்பாகிவிடும், விசிறிக் காற்றில் இரண்டாம் நாளே பஞ்சு காய்ந்துவிடும். சின்ன மேசைவிளக்கு ஒன்றை எரியவிடுங்கள், குவளையை ஞெகிழித் தாளால் மூடி நான்கைந்து துளையிடுங்கள். விளக்கால்தான் முளைத்தது என்று யாராவது சொன்னால் இன்னொரு குவளையைக் கறுப்புத் தாளால் சுற்றிப் பக்கத்தில் வைத்து, நான்காம் நாள் திறந்து காட்டுங்கள். தற்சார்பு மாறியும் (நாம் மாற்றுவது, இங்கே ஒளி) கட்டுப்படுத்தப்பட்ட மாறியும் (மாற்றாமல் வைப்பது) அந்த இரண்டு குவளையிலேயே வந்துவிடும்.

பழைய குறுந்தட்டுகளைப் பற்றி இரண்டே வரி. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கிய 2003ஐ ஒட்டி வந்தவற்றில் பல, ஃபிளாஷ் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்தவை. அடோபி அதை 2020 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. ரஃபிள் என்ற இலவச மென்பொருள் சிலவற்றைத் திறக்கும். திறக்காதவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த படவில்லைகளும் அலமாரியில் நிறைய கிடக்கின்றன. குரோம்புக்கில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக ஏதோ தெரியும். கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துரு அந்தக் கருவியில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டு, ஒற்றெழுத்துகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்தால் பத்து ஆண்டு உழைப்பு மீளும். வரைகலை மென்பொருளில் செய்த புதிய காணொலிகளிலும் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று சிதறிக் கிடப்பதைக் காணலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதைக் காட்டாதீர்கள்.

கஹூட் போன்ற புதிர்ப்போட்டிகள் பாடமுடிவில் ஐந்து நிமிடத்துக்கு நல்லவை, அதற்குமேல் வேண்டாம். தமிழில் கேள்வி தட்டுபவர்களுக்கு ஒரு நுணுக்கம். "மின்சுற்று" நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்குப் பத்துக் குறி. புள்ளியையும் விசிறியையும் கொம்பையும் அது தனித்தனியாக எண்ணும். "ஒளிச்சேர்க்கை" ஏழெழுத்து, பதின்மூன்று குறி. அதனால்தான் ஆங்கிலத்தில் அடங்கும் கேள்வி தமிழில் பாதியில் வெட்டுப்படுகிறது. கேள்வியைப் படவில்லையாகச் செய்து படமாக ஏற்றிவிட்டு, விடைக்கட்டத்தில் ஒரு சொல் மட்டும் போடுங்கள். நேரத்தையும் இருபது நொடியில் விடாமல் அறுபதாக்குங்கள். இல்லாவிட்டால் அறிவியலைவிட வாசிப்பு வேகத்துக்குத்தான் மதிப்பெண் போகும்.

கோப்புகளை எங்கே வைப்பது? கல்வியமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் அடையாள எண் இருக்கிறது, கூகுள் கிளாஸ்ரூமும் அதிலேயே திறக்கும். சிறிய பிள்ளைகளுக்குக் கடவுச்சொல்தான் தடைக்கல். பாடத்துக்கு முன்பே குரோம்புக்குகளில் நுழைந்து வைத்துவிடுவது நல்லது.

கடைசியாக, எந்தத் தொகுப்பிலும் சரியாக இல்லாத ஒரு பக்கம்: நான்காம் ஆண்டின் நிழல். காலை 9 மணிக்கு நீண்ட நிழல், நண்பகல் 12க்கு மிகக் குட்டை, மாலையில் மறுபடி நீளம் என்றுதான் அசைவூட்டம் காட்டுகிறது. பினாங்கில் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் இருக்காது. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் கிழக்கு 120 பாகைக்கான நேரத்தைக் காட்டுகிறது, நாமோ 100.3 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 79 நிமிடப் பின்னடைவு. ஆக, மிகக் குட்டையான நிழல் சராசரியாக 1:19க்குத்தான் விழும். நவம்பரில் 1:02க்கே வந்துவிடும், பிப்ரவரியில் 1:33 ஆகும். கோலாலம்பூரில் இதைவிட ஆறு நிமிடம் முன்னதாக.

திசையும் மாறும். திடலில் ஒரு மீட்டர் குச்சி நட்டால் டிசம்பர் விடுமுறையில் அந்த உச்சிநேர நிழல் வடக்கே 55 சென்டிமீட்டர், ஜூன் 21ஐ ஒட்டித் தெற்கே 33 சென்டிமீட்டர். ஸ்டெல்லேரியத்தில் சூரியன் வடக்கே போவதையும் தெற்கே போவதையும் அன்றன்றைக்குக் காட்டிவிட்டுத் திடலில் அளந்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஏப்ரல் 3, 4 தேதிகளிலும் செப்டம்பர் 8, 9 தேதிகளிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். குச்சி நிழலே இல்லாமல் நிற்கும். ஏப்ரலில் அது ஏறக்குறைய 1:22க்கு நடக்கும். காலைப் பிரிவு அதற்குள் முடிந்திருக்கும், வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். வேன்காரரிடம் பத்து நிமிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.